தலைப்பைப் பிடித்து நிறுத்தியவர்கள்: ‘பிரீஸ் பேன்ஸ்’ கட்டளையின் முன்கதை

53, 95, 65.

இந்த மூன்று எண்களையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி யாரிடமாவது கொடுத்துப் பாருங்க. பரீட்சைப் புள்ளி என்பார் ஒருவர். வயசு என்பார் இன்னொருவர். புல்மோட்டையில் பிறந்து வளர்ந்தவருக்குக்கூட தலைப்பு இல்லாமல் பிடிபடாது. தலைப்பைப் போட்டுவிட்டால் மூன்றும் எங்கட கடற்கரையின் கறுப்பு மணலாக மாறிவிடும். இல்மனைட்டில் தைட்டேனியம் ஈரொட்சைட்டு ஏறக்குறைய 53 சதவீதம், ரூட்டைலில் அதே பொருள் 95 அளவில், சிர்கோனில் சிர்க்கோனியம் ஈரொட்சைட்டு 65 அளவில். 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் தொடங்கியதில் இருந்து இந்த மண்ணின் விலையைத் தீர்மானிப்பது இப்படியான எண்கள்தான். 65ஐக் கொண்டுபோய் ரூட்டைலின் கீழே எழுதினால் வாங்க வந்தவன் திரும்பிப் போய்விடுவான். எண் பிழையில்லை, தலைப்புத்தான் பிழை.

எண்ணுக்கும் தலைப்புக்கும் இடையில் உள்ள இந்த உறவை அறுந்துபோகாமல் வைத்திருக்க மனிதர்கள் என்னென்ன வித்தை செய்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. இன்றைக்கு அந்த வித்தையின் பெயர் ‘பிரீஸ் பேன்ஸ்’. எக்ஸலில் ‘வியூ’ பட்டையைத் திறந்தால் இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே ‘ஸ்பிளிட்’ எண்டு இன்னொன்றும் இருக்கும். அநேகமான பேர் முதலாவதைப் பாவிப்பார்கள், இரண்டாவதைத் தவறுதலாக அழுத்திவிட்டுப் பயப்படுவார்கள்.

ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போறேன். இலங்கைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்களுக்குக் கிடையாகப் போவது நிரை, செங்குத்தாகப் போவது நிரல். தமிழ்நாட்டு வாசகர்கள் வரிசை, நெடுவரிசை எண்டு வாசித்துக்கொள்ளுங்க. தலைப்பைப் பற்றிய கட்டுரையில் நிரையையும் நிரலையும் குழப்பிக்கொண்டால் நல்லா இருக்காது.

கொம்பியூட்டர் வருவதற்கு முதலே இந்தப் பிரச்சினை இருந்தது. ‘ஸ்ப்ரெட் ஷீட்’ என்ற சொல்லே கடதாசிக் காலத்துச் சொல். கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்தால் எதிரெதிராக இரண்டு பக்கம் வரும் இல்லையா, அந்த இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே பரந்து கிடக்கும் அட்டவணைதான் அது. நம்ம பாடப்புத்தகம் ‘விரிதாள்’ எண்டு சொல்வதும் இதைத்தான். தாள் விரிய விரிய வசதி, ஆனால் கண் அவ்வளவு தூரம் விரியாது. இடது பக்கத்து ஓரத்தில் ஒரு பெயர், வலது பக்கத்து ஓரத்தில் அவருக்குரிய தொகை. நடுவில் கண் ஒரு நிரை கீழே சறுக்கினால் ஒருவரின் கடன் இன்னொருவரின் தலையில் விழும்.

கடதாசிக்காரர்கள் இதற்கு மூன்று வழி வைத்திருந்தார்கள். முதலாவது அடிமட்டம். நிரைக்குக் கீழே அடிமட்டத்தை வைத்து, அதைத் தள்ளிக்கொண்டே புள்ளி பதிகிற ஆசிரியர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இரண்டாவது, தாளை மடிப்பது. முதலாம் நிரலையும் பன்னிரண்டாம் நிரலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேணுமெண்டால் நடுவில் உள்ளதை மடித்து உள்ளே தள்ளிவிட்டால் சரி. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வகுப்பு வரவு இடாப்பை எடுத்துக்கொள்ளுங்க. பிள்ளைகளின் பெயரை ஜனவரியில் ஒரு தடவை இடது பக்கத்தில் எழுதியாச்சு. பெப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் அதே நாற்பது பெயரைத் திரும்பத் திரும்ப எழுதுவதா? தேவையில்லை. பின்னால் வரும் தாள்களின் ஓரத்தைப் பெயர் நிரலின் அகலத்துக்கு வெட்டிவிட்டால் போதும். மாதத்தைப் புரட்டிக்கொண்டே போகலாம், பெயர்கள் அசையாமல் நிற்கும். இப்படி ஓரம் குறுகிய தாள்களோடு அச்சான பதிவேடுகளும் உண்டு. இது சுத்தமான ‘பிரீஸ்’. கத்தரிக்கோலால் செய்த பிரீஸ். தாளை மடிப்பது ‘ஸ்பிளிட்’டுக்குக் கிட்டவான வேலை: தூரத்தில் இருக்கிற இரண்டு இடத்தைப் பக்கத்தில் கொண்டுவருவது.

இந்த வித்தைகள் பள்ளிக்கூட இடாப்புக்குப் போதும். ஒரு நாட்டையே அட்டவணையில் அடைக்கப் போனால் போதாது. இலங்கையில் முதலாவது குடிசன மதிப்பு 1871இல் நடந்தது; தலை எண்ணிக்கை 2,400,380. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை நடத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம். அதன் அறிக்கை நான்கு தொகுதிகளாக வந்தது. அந்த அளவு அட்டவணையில் அச்சகத்துக்காரர் செய்யக்கூடியது ஒண்டுதான்: ஒவ்வொரு புதுப் பக்கத்திலும் தலைப்பைத் திரும்ப அச்சுக்கோர்ப்பது, இடது பக்கத்து நிரை இலக்கத்தை வலது பக்கத்து ஓரத்திலும் போடுவது. எழுத்தை எழுத்தாகப் பொறுக்கி அடுக்கிய காலத்தில் அது லேசான வேலை இல்லை.

தலைப்பு அசையாமல் நிற்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தத் தலைப்பை யார் எழுதியது என்பது வேறு கதை. 1871இல் கணக்கெடுத்தவர்கள் இந்தத் தீவில் 24 ‘இனங்களை’ எழுதினார்கள். பத்து வருடத்தில், 1881இல், அது ஏழாகக் குறைந்தது. ஆட்கள் எங்கேயும் போகவில்லை, நிரல்களைச் சேர்த்துவிட்டார்கள். 1901இல் சிங்களவர் கரையோர, கண்டியச் சிங்களவர் என இரண்டு நிரலானார்கள். 1911இல் தமிழரும் சோனகரும் ‘இலங்கை’, ‘இந்திய’ என்று பிரிந்தார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்க, கடைசியில் தேவைப்படும்.

இனி அமெரிக்காவுக்குப் போக வேணும். வேறு வழியில்லை, ஏனெண்டால் கடதாசியில் இருந்து திரைக்குத் தாவியது அங்கேதான். 1978இல் டான் பிரிக்லின் ஹார்வர்ட் வணிகப் பள்ளி மாணவன். விரிவுரையாளர் கரும்பலகையில் ஒரு கணக்கு அட்டவணையைப் போட்டு, ஒரு எண்ணை மாற்றினால் அதைத் தொட்டுக்கொண்டு இருக்கும் எல்லாவற்றையும் அழித்து அழித்துத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பிரிக்லினுக்கு, தானே மாறிக்கொள்ளும் ஒரு மின்னணுக் கரும்பலகை வேணும் எண்டு தோன்றியது. நண்பர் பொப் ஃபிராங்ஸ்டன் நிரலை எழுதினார் (இது வேறு நிரல், புரோகிராம்! தமிழ் சில நேரம் இப்படித்தான் காலை வாரும்). 1979இல் ‘விசிகல்க்’ அப்பிள் 2 கொம்பியூட்டருக்கு விற்பனைக்கு வந்தது.

இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது திரையின் அளவை. அப்பிள் 2இன் திரையில் ஒரு வரிக்கு 40 எழுத்துத்தான், மொத்தம் 24 வரி. விசிகல்க் தாளோ 63 நிரல், 254 நிரை. அதாவது 16,002 கட்டங்கள். திரையில் ஒரே நேரத்தில் தெரிந்தது சாதாரணமாக நான்கு நிரல், இருபது நிரை. எண்பது கட்டம். கணக்குப் போட்டுப் பாருங்க, இருநூறில் ஒரு பங்கு. கதவுத் துவாரத்தால் மைதானத்தைப் பார்க்கிற மாதிரி. கரும்பலகையில் எதுவும் கண்ணைவிட்டு மறைவதில்லை. இங்கே ஐந்தாம் நிரலுக்குப் போனவுடன் முதலாம் நிரல் காணாமல் போய்விடும். தானாகக் கூட்டிக் கழிக்கிற தாளைக் கண்டுபிடித்த அதே நாளில், தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் போகிற தாளும் கண்டுபிடிக்கப்பட்டாயிற்று.

அதனால்தான் முதல் விசிகல்க்கிலேயே இரண்டு கட்டளைகள் இருந்தன. சரிவுக் கோட்டை அழுத்தி ‘டி’ எண்டால் ‘டைட்டில்ஸ்’, தலைப்புகளை நிறுத்துவது. மேல் நிரைகளையா, இடது நிரல்களையா, இரண்டையுமா, ஒண்டும் வேண்டாமா எண்டு அது கேட்கும். சரிவுக் கோட்டோடு ‘டபிள்யூ’ எண்டால் ‘விண்டோ’, திரையைக் கிடையாகவோ செங்குத்தாகவோ இரண்டாகப் பிளப்பது. பிளந்த இரண்டும் சேர்ந்து நகர வேணுமா, தனித்தனியாக நகர வேணுமா என்பதையும் தீர்மானிக்கலாம். ஒரு பாதியில் இருந்து மறுபாதிக்குத் தாவ அரைப்புள்ளி விசை. இன்றைக்கு எக்ஸலில் உள்ள பிரீஸ், ஸ்பிளிட் இரண்டின் முழு எண்ணமும் அங்கேயே இருக்கிறது. கலர் இல்லை, மௌஸ் இல்லை, அவ்வளவுதான். நம்மில் பலர் இந்த இரண்டையும் பின்னால் வந்த அலங்காரம் எண்டு நினைப்போம். என்னைக் கேட்டால், இவை இல்லாமல் விசிகல்க் ஒரு விளையாட்டுச் சாமானாகத்தான் நின்றிருக்கும்.

பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1982இல் மைக்ரோசொஃப்ட் ‘மல்டிபிளான்’ என்று ஒன்றை விட்டது. அதில் எட்டு ஜன்னல் வரை திறக்கலாம், தலைப்பை நிறுத்துவது அங்கே ஜன்னலைப் பிளக்கும் கட்டளையின் ஒரு வகையாக இருந்தது. 1983 ஜனவரியில் மிட்ச் கேப்பரின் ‘லோட்டஸ் 1-2-3’ வந்து விசிகல்க்கின் சந்தையைப் பிடித்துக்கொண்டது. அதிலும் டைட்டில்ஸ், விண்டோ என்று அதே இரண்டு கட்டளை. 1985இல் எக்ஸல், முதலில் அப்பிளின் மெக்கின்டோஷுக்கு, 1987இல் விண்டோஸுக்கு. எக்ஸலில்தான் பெயர் ‘பிரீஸ் பேன்ஸ்’ எண்டு ஆனது. பேன் என்றால் ஜன்னலில் போடும் கண்ணாடித் துண்டு. ஜன்னலைப் பிளந்தால் கண்ணாடி இரண்டு. அதில் ஒன்றை உறைய வைத்தால் பிரீஸ். அதாவது பிரீஸ் என்பது ஸ்பிளிட்டின் பிள்ளை. இந்த உறவு தெரிந்தால் இரண்டையும் குழப்பமாட்டோம்.

செய்கை முறையில் ஒரு கட்டம்தான் முக்கியம். எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்களோ அதற்கு மேலே உள்ள நிரைகளும் இடது பக்கம் உள்ள நிரல்களும் உறையும். புள்ளிப் பட்டியலில் முதல் நிரையில் பாடங்கள், ஏ நிரலில் சுட்டிலக்கம், பி நிரலில் பெயர் எண்டு வைங்க. சி2இல் போய் நின்று பிரீஸ் பேன்ஸ் கொடுத்தால் எங்கே போனாலும் பாடமும் பெயரும் கூடவே வரும். ஏ1இல் நின்றுகொண்டு கொடுத்தால் எக்ஸல் தன் இஷ்டத்துக்குத் திரையின் நடுவில் வெட்டிவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கு, எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. நீங்கள் ஏற்கெனவே கொஞ்சம் கீழே நகர்ந்து, திரையின் உச்சியில் பத்தாம் நிரை தெரியும்போது உறைய வைத்தால், முதல் ஒன்பது நிரைகள் மேலே அகப்பட்டுவிடும். மௌஸை எவ்வளவு உருட்டினாலும் வராது. அழிந்துபோகவில்லை, கூட்டுத்தொகையிலும் சேர்ந்துகொண்டுதான் இருக்கும், கண்ணுக்கு மட்டும் இல்லை. 2007 பதிப்பில் வந்த ‘பிரீஸ் டொப் ரோ’வும் அப்படியே: அது உறைய வைப்பது அந்த நேரத்தில் திரையின் உச்சியில் தெரியும் நிரையை, தாளின் முதலாம் நிரையை அல்ல. அடுத்தது, பிரீஸ் திரைக்கு மட்டும்தான். பிரிண்ட் எடுத்தால் இரண்டாம் பக்கத்தில் தலைப்பு வராது. அதற்கு ‘பேஜ் லேஅவுட்’டில் ‘பிரிண்ட் டைட்டில்ஸ்’ எண்டு தனியாக இருக்கு. பழைய அச்சுக்கோர்ப்பவர் ஒவ்வொரு பக்கத்திலும் கையால் செய்த வேலை அது.

ஸ்பிளிட்டை அழுத்தியவர்கள் முதலில் சொல்வது, “தாள் ரெண்டாப் போச்சு.” போகவில்லை. ஒரே தாளை இரண்டு, அல்லது நான்கு கண்ணாடியால் பார்க்கிறீர்கள். ஒரு கண்ணாடியில் எண்ணை மாற்றினால் மற்றதிலும் மாறும். பிரீஸில் ஒரு பக்கம் அசையாது. ஸ்பிளிட்டில் எல்லாப் பக்கமும் தாளின் எந்த மூலைக்கும் போகும். ஆயிரமாவது நிரையில் இருக்கும் கூட்டுத்தொகையையும் நாற்பதாவது நிரையில் இருக்கும் மூலத்தையும் ஒன்றாகப் பார்க்க இதுதான் வழி. கூகிள் ஷீட்ஸில் பிரீஸ் உண்டு, ஸ்பிளிட் கிடையாது. லிப்ரே ஒஃபிஸில் இரண்டும் உண்டு, காசும் இல்லை.

தூரத்தில் இருக்கும் இரண்டு இடத்தைச் சேர்த்துப் பார்க்காததால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம். 2010இல் ரெய்ன்ஹார்ட், ரோகோஃப் என்ற இரண்டு பொருளியலாளர்கள், நாட்டின் கடன் உற்பத்தியின் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி விழுந்துவிடும் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். செலவைக் குறைக்கச் சொன்ன பல அரசியல்வாதிகளுக்கு அது ஆயுதமாயிற்று. 2013இல் தோமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவர் அவர்களின் எக்ஸல் கோப்பை வாங்கிப் பார்த்தபோது, சராசரி எடுத்த சூத்திரம் 30ஆம் நிரையில் இருந்து 44 வரைதான் போயிருந்தது. பட்டியலோ 49 வரை. அவுஸ்திரேலியா முதல் டென்மார்க் வரை ஐந்து நாடுகள் கணக்கில் இல்லை. அந்தக் கட்டுரையில் அதைவிடப் பாரமான குறைகளும் இருந்தன, ஆனால் உலகம் ஞாபகம் வைத்திருப்பது அந்த ஐந்து நிரைகளைத்தான்.

நம்ம பக்கம் வருவோம். 2004 டிசம்பர் 26இல் சுனாமி இலங்கையில் 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. திருகோணமலை மாவட்டக் கரையும் அதில் அடக்கம். அடுத்த நாளே பட்டியல்கள் தொடங்கிவிட்டன: காணாமல் போனோர், முகாமில் இருப்போர், உதவி கேட்போர், உதவி கொண்டுவருவோர். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பட்டியல், ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு தலைப்பு. ஒன்றில் ‘குடும்பம்’ என்றால் நிரைக்கு ஒரு குடும்பம், இன்னொன்றில் நிரைக்கு ஒரு ஆள். இரண்டையும் ஒட்டினால் வருகிற கூட்டுத்தொகைக்கு அர்த்தமே கிடையாது. இந்த நிலைமையில், சில கிழமைகளுக்குள் இலங்கை மென்பொருள் தன்னார்வலர்கள் ‘சஹானா’ என்ற மென்பொருளை எழுதினார்கள். லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அதைப் பொறுப்பெடுத்தது. சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நிவாரணம் எண்டு கருத்து. காணாமல் போனோருக்கு ஒரு பதிவேடு, முகாம்களுக்கு ஒன்று, நிறுவனங்களுக்கு ஒன்று, உதவிக் கோரிக்கைகளுக்கு ஒன்று. தலைப்பை ஒவ்வொருவரும் தன் தாளில் தன் விருப்பத்துக்கு எழுதாமல், எல்லோருக்கும் ஒரே தலைப்பை நிறுத்தி வைப்பதுதான் அதன் அடிப்படை. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் அது பாவிக்கப்பட்டது. இலவச மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுச் சமூகப் பயன் விருதும் கிடைத்தது. நம்ம நாட்டில் இருந்து வெளியே போன நல்ல விஷயங்களில் இதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

ஆனால் சஹானா மாதிரி ஒன்று இல்லாத இடங்களில் இன்றைக்கும் பட்டியல் என்றால் எக்ஸல்தான். வெள்ளமோ புயலோ வந்தால் கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாகத் தாள் வரும். பெயர், அடையாள அட்டை இலக்கம், அங்கத்தவர் தொகை, சேத விபரம் என்று அது வலது பக்கம் நீண்டுகொண்டே போகும். அநேகமாக அதை நிரப்புவது வீட்டில் உள்ள இளம் பிள்ளைகள், அதுவும் போனில். இங்கேதான் ஒரு வேடிக்கை. கையில் நிமிர்த்திப் பிடித்த போனில் எத்தனை நிரல் தெரியும்? மூன்று, நான்கு. 1979இல் அப்பிள் 2இல் தெரிந்த அதே நான்கு. இன்றைய எக்ஸல் தாளில் 1,048,576 நிரையும் 16,384 நிரலும் இருக்கு; துவாரம் மட்டும் பழைய அளவுக்கே திரும்பி வந்திருக்கு. போனில் மூன்று நிரலை உறைய வைத்தால் நகர்வதற்கு இடமே மிஞ்சாது. பெயரை மட்டும் உறைய வைங்க, அல்லது இலக்கத்தை மட்டும். அடையாள அட்டை இலக்கம் ஒரு நிரை கீழே பதியப்பட்டால் நிவாரணம் பக்கத்து வீட்டுக்குப் போகும், அதைத் திருத்த எத்தனை தரம் பிரதேச செயலகத்துக்கு நடக்க வேணும் எண்டு பெரியவர்களைக் கேளுங்க.

கடைசியாக, வாசகர்கள் தாங்களே செய்துபார்க்க ஒரு தாள். திருகோணமலை மாவட்டத்தின் குடிசன மதிப்பு எண்களை வருடத்துக்கு ஒரு நிரையாக எழுதுங்க. 1881: மொத்தம் 22,197. 1901: 28,441. 1946: 75,926. 1981: இரண்டரை இலட்சத்துக்குக் கொஞ்சம் மேல். 2012: மூன்று இலட்சத்து 79 ஆயிரத்துக்கு மேல். இடையில் உள்ள வருடங்களையும் தேடிப் போட்டு, வலது பக்கம் இன வாரியாகவும் மத வாரியாகவும் நிரல்களை அடுக்குங்க. இப்போது வருட நிரலை உறைய வைக்காமல் வலது பக்கம் நகருங்க.

1981உம் 2012உம் அடுத்தடுத்த நிரைகளாக, பத்து வருட இடைவெளி மாதிரியே தெரியும். நடுவில் 31 வருடம் இருக்கு. 1991இல் யுத்தத்தால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001இல் 25 மாவட்டங்களில் 18இல் மட்டும்தான் முழுமையாக நடந்தது, திருகோணமலை அந்தப் பதினெட்டில் இல்லை. அந்த 31 வருடத்துக்குள்தான் இந்த மாவட்டத்தின் மூன்று சமூகங்களும் இடம்பெயர்ந்து திரும்பினார்கள், அல்லது திரும்பாமல் போனார்கள். அதற்குள்தான் சுனாமி. அதற்குள்தான் 2009 மார்ச்சும்: புதுமாத்தளன் கரையில் இருந்து செஞ்சிலுவைக் குழுவின் கப்பலில் காயப்பட்டவர்கள் புல்மோட்டையில் வந்து இறங்கியதும், இந்திய மருத்துவக் குழு இங்கே அவசர மருத்துவமனை நடத்தியதும். தாளில் இவ்வளவும் ஒரு கோட்டின் அகலம். வருடம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் மட்டும்தான் அந்தக் கோடு எவ்வளவு தடிப்பு எண்டு விளங்கும். 1946க்கும் 1981க்கும் இடையில் தொகை மூன்று மடங்குக்கு மேல் போனதைப் பார்க்கும்போதும் அப்படித்தான். அங்கே கந்தளாய், அல்லை போன்ற குடியேற்றத் திட்டங்கள் இருக்கு; வருடம் தெரியாவிட்டால் அவையும் தெரியாது.

பிரீஸ் இதுவரைக்கும் உதவும். இதற்கு மேல் ஸ்பிளிட் வேணும். திரையைப் பிளந்து மேல் கண்ணாடியில் 1881ஐயும் கீழ்க் கண்ணாடியில் 2012ஐயும் வைங்க. இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் 1881இல் தமிழர் 14,304, முஸ்லிம்கள் 5,746, சிங்களவர் 935 என்று இருக்கும். ஆனால் 1881ஆம் ஆண்டின் இனப் பட்டியலில் ‘முஸ்லிம்’ என்ற தலைப்பே கிடையாது. சோனகர் ஒரு நிரல், மலாயர் இன்னொரு நிரல். ‘முஸ்லிம்’ பிறகு யாரோ மேலே எழுதிய தலைப்பு. அதே மாதிரி 1881இன் ‘தமிழர்’ 1911க்கு முந்திய தமிழர், இலங்கை இந்திய என்று பிரிக்கப்படாதவர். கீழ்க் கண்ணாடியில் உள்ள 2012இல் ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’, ‘இலங்கைச் சோனகர்’, ‘மலாயர்’ எல்லாம் தனித்தனி. இஸ்லாம் மத அட்டவணையில் வரும். இன அட்டவணையின் சோனகர் தொகையும் மத அட்டவணையின் இஸ்லாமியர் தொகையும் ஒன்றாக வரத் தேவையில்லை. புல்மோட்டையில் நாங்க வீட்டில் சோனகர் எண்டு சொல்வது குறைவு, முஸ்லிம் எண்டுதான் சொல்வோம். படிவத்தில் மட்டும் சோனகர். இந்த வித்தியாசத்தை அறியாமல், இரண்டு வருடத்தையும் ஒரே தலைப்பின் கீழ் உறைய வைத்து, “எங்கட வீதம் இவ்வளவு கூடிட்டு”, “அவங்கட வீதம் இவ்வளவு குறைஞ்சிட்டு” எண்டு பேஸ்புக்கில் நடக்கிற சண்டைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேலே தலைப்பு அசையாமல் நிற்பதாலேயே அது உண்மை மாதிரித் தெரியும்.

என்னுடைய தாளில் தலைப்பு நிரை இரண்டு வைத்திருக்கிறேன். மேல் நிரையில் அந்தந்த வருடத்துப் படிவம் சொன்ன பெயர், அதற்குக் கீழே நாம் இன்றைக்குச் சொல்லும் பெயர். உறைய வைப்பது மூன்றாம் நிரைக்கு மேலே, வருட நிரலுக்கு வலப்பக்கம். அதாவது பி3இல் நின்று. 2024இல் நடந்த கணக்கெடுப்பையும் அதில் ஒரு நிரையாகச் சேர்க்கப்போகிறேன். 1991க்கும் 2001க்கும் உரிய இரண்டு நிரைகளும் வெறுமையாகவே கிடக்கும், வருடம் மட்டும் எழுதியபடி.